ஞாயிறு மத்தியானம், திரியாய் வீதி

மத்தியானச் சாப்பாட்டைக் காலை எட்டு மணிக்கே முடிவு செய்துவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குப் போகும் வீதியில் சுமார் 45 கிலோமீற்றரில் இருக்கிறது திரியாய். அந்த வீதியில் ஞாயிற்றுக்கிழமை உலை வைப்பது ஆள் கணக்கில்தான். காலையில் சொல்லிவிட்டுப் போனவருக்குச் சோறு இருக்கும். சொல்லாமல் வந்து நிற்பவருக்குப் பாண் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கச்சான் காற்று வெந்து வீசும் ஒரு ஆனி மாத ஞாயிறு. மலையேறி இறங்கி, குளக்கட்டில் நின்று கொக்குகளைப் பார்த்துப் பொழுதைப் போக்கிவிட்டு, இரண்டரை மணிக்கு ஒரு கடை வாசலில் போய் நின்றேன். கடைக்கார அக்கா ஒன்றும் பேசாமல் மண்சட்டியைச் சரித்துக் காட்டினார். அடியில் ஒரு அகப்பைக் குழம்பு கிடந்தது. மீன் துண்டு ஒன்றுகூட இல்லை. “காலமை ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போயிருந்தா எடுத்து வைச்சிருப்பன் தம்பி” என்றார். பாணை அந்தக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். நல்ல குழம்பு. அதனாலேயே ஆத்திரம் இரட்டிப்பாயிற்று.

ஹோட்டல், சைவக் கடை, வாடி வீடு

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது பெயர்ப் பலகையில். இலங்கையில் வீதியோரக் கடையின் பலகையில் ‘ஹோட்டல்’ என்று இருந்தால் அங்கே கட்டில் தேடாதீர்கள். அது சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். கண்ணாடி அலுமாரிக்குள் வடையும் றோல்ஸும் அடுக்கியிருக்கும். மத்தியானத்தில் சோறு, இரவில் கொத்து ரொட்டி. படுக்க இடம் வேண்டுமென்றால் ‘விடுதி’ என்றோ ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்றோ எழுதிய பலகையைப் பாருங்கள். மரக்கறி மட்டும் வேண்டியவர்கள் ‘சைவக் கடை’ என்று கேட்க வேண்டும். திருகோணமலை நகரத்தில் அதற்குக் குறைவில்லை. நிலாவெளியைத் தாண்டினால் அரிது.

இவற்றோடு சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது வாடி வீடு. ‘றெஸ்ற் ஹவுஸ்’ என்பதற்கு நம்மவர்கள் வைத்த பெயர். கடற்கரையில் மீன்பிடிகாரர் பருவத்துக்குப் போட்டுத் தங்கும் கொட்டிலும் ‘வாடி’தான். அதிகாரி தங்கினாலும் மீனவர் தங்கினாலும், வந்து தங்கிப் போகிற இடம் என்பதால் ஒரே சொல்லே போதும் என்று விட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் இது.

ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில் பெருகியவை இந்த வாடி வீடுகள். குதிரையிலும் வண்டியிலும் ஊர் சுற்றிய அதிகாரிகளுக்கு ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்று கட்டிப் போட்டார்கள். கொழும்பு–கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸ வாடி வீடு 1820களைச் சேர்ந்தது. 1966இல் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் உருவான பிறகு, பெயர்பெற்ற சில அதன் கைக்குப் போயின. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழியிலேயே ஹபரணையிலும், கந்தளாய்க் குளத்தைப் பார்த்தபடியும் வாடி வீடுகள் உண்டு. பொலன்னறுவை பக்கமாக வந்தால், 1954இல் எலிசபெத் மகாராணி தங்கிய வாடி வீட்டையும் பார்க்கலாம்.

அங்கே ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஒரு சடங்கு போல நடக்கும். நீண்ட விறாந்தை. கைகள் நீண்ட சாய்மனைக் கதிரைகள். வந்ததும் சோறு வராது. முதலில் சூப் வரும். பழைய விலைப்பட்டியலில் அதற்கு ‘மல்லிகட்டோனி’ என்று பெயர். நம்முடைய மிளகுத் தண்ணிதான் கப்பலேறிப் போய், மாவும் இறைச்சிச் சாறும் சேர்ந்து கொழுத்து, வாயில் நுழையாத பெயரோடு திரும்பி வந்திருந்தது. பிறகு சின்னச் சின்னக் கோப்பைகளில் ஐந்தாறு கறியும் நடுவே சோற்றுப் பீங்கானும். கடைசியில் கரமல் புடிங். இந்த நாட்டில் எந்த வாடி வீட்டுக்குப் போனாலும் அந்தப் புடிங் ஒரே மாதிரித்தான் ஆடும்.

காலனித்துவக் காலத்துக் கழகங்களிலும் ஞாயிறு மத்தியானம் என்றால் கறியும் சோறும்தான். திருகோணமலை அப்போது கடற்படை ஊர். துறைமுகத் தளத்தை ஆங்கிலேயர் இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். அதுவரை வார நாட்களில் அவித்த உருளைக்கிழங்கோடு காலந்தள்ளியவர்கள் ஞாயிறன்று வியர்க்க வியர்க்கக் கறி தின்றார்கள். இந்த ஊர்ச் சைவர்களுக்கும் ஞாயிறு அப்படித்தான் அமைந்தது, காரணம்தான் வேறு. வெள்ளியும் செவ்வாயும் மரக்கறி. வார நாட்களில் வேலை. ஆக, மீனோ இறைச்சியோ ஆற அமர வாங்கி, ஆய்ந்து, சமைத்து, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட மிஞ்சுவது ஞாயிறுதான்.

அந்த ஞாயிறும் ஒருமுறை காணாமல் போனது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. டட்லி சேனநாயக்க அரசு சந்திரனின் நான்கு நிலைகளையும் போயா விடுமுறையாக்கி, வாரத்தையே அதன்படி ஓட விட்டது. விடுமுறை இந்த வாரம் செவ்வாய், அடுத்த வாரம் புதன் என்று நகரும். மரக்கறி நாளில் விடுமுறை வந்து விழுந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். பிறகு எழுபதுகளில் உணவுத் தட்டுப்பாடு. வாரத்தில் குறித்த சில நாட்கள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு பரிமாறவே தடை. இன்றைக்கு எந்தக் கடையிலும் “இன்னும் கொஞ்சம் போடவா” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களே, அது எப்போதும் இருந்த வசதி அல்ல.

திரியாயில் ஏன் இல்லை

திரியாய்க்குப் போய், பழைய ஓட்டுக் கூரையும் விறாந்தையும் உள்ள ஒரு வாடி வீட்டைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். வயலும் குளமும் மாட்டுப் பட்டியுமாக இருந்த பழைய தமிழ் ஊர் இது. 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு, ஊர் இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் ஆட்கள் திரும்பினார்கள், எல்லோரும் திரும்பவில்லை. தெற்கே நிலாவெளிக் கரையில் இருந்த சுற்றுலா விடுதிகளைப் போர் பாதி விட்டு வைத்தது, மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிறு; போயாவும் அன்றுதான்.

கட்டடம் போய்விட்டது. ஆனால் வாடி வீட்டு முறை இந்த வீதியில் உயிரோடு இருக்கிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டும், தலைக்கணக்குக்குச் சமைக்க வேண்டும், வந்தவர் முன்னே கறிகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். குச்சவெளியிலும் கும்புறுப்பிட்டியிலும் தகரக் கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து நீங்கள் சாப்பிடப் போவது அதைத்தான். விறாந்தையை எதிர்பார்க்காதீர்கள். மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலை, பிறகு சோறு

திருகோணமலையிலிருந்து ஏழு மணிக்கு முன்பே புறப்படுங்கள். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி. நிலாவெளியில் உப்பளத்தையும் கடல் நடுவே புறாத்தீவையும் பார்த்தபடி போகலாம். நிற்க வேண்டாம், அது இன்னொரு நாளுக்கு. குச்சவெளியில் நில்லுங்கள். திரியாய்க்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் முன்னே உள்ள ஊர் இது. தேத்தண்ணி குடியுங்கள். குடித்துக்கொண்டே மத்தியானத்துக்குச் சொல்லுங்கள்.

சொல்லும் விதம் உண்டு. “சாப்பாடு இருக்குமா?” என்று கேட்டால் “இருக்கும்” என்றுதான் பதில் வரும், அதை நம்பிப் போகாதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, மீனா கணவாயா, உறைப்புக் கூடவா குறையவா என்று நீங்களே சொல்ல வேண்டும். பெண்ணானால் “அக்கா”, பெரியவரானால் “ஐயா”, முஸ்லிம் கடையானால் “நானா”. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, “இண்டைக்கு என்ன மீன் பட்டது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் மலராத கடைக்காரரை இந்தக் கரையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. முன்பணம் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நாலு பேருக்கு மேல் என்றால் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. தேங்காயும் மீனும் உங்களை நம்பித்தான் வாங்கப்படுகின்றன.

பிறகு திரியாய் மலை. கிரிஹண்டு சேய என்று சிங்களத்தில் வழங்கும் இந்தப் பௌத்தத் தலத்தில், தூபியைச் சுற்றிக் கல்தூண்கள் வட்ட வட்டமாக நிற்கும். செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கல் தோசைக்கல். காலுறை போட்டுக்கொண்டு ஏறலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். மீன் பார்சலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம். வாகனத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டு அத்தியாயத்தில் மலை எதற்கு என்று கேட்கலாம். புத்தர் ஞானம் பெற்ற பின் அவருக்கு முதல் உணவைக் கொடுத்தவர்கள் தபுஸ்ஸ, பல்லுக என்ற இரண்டு வணிகர்கள் என்பது பௌத்த மரபு. கொடுத்தது வறுத்த மாவும் தேன் உருண்டையும், வழிப்போக்கரின் கட்டுச்சோறு. பதிலுக்குக் கிடைத்த கேசத்தைக் கொண்டுவந்து இங்கே வைத்துத் தூபி எழுப்பினார்கள் என்பது திரியாய்க் கதை. பர்மாக்காரர் அதே கேசம் தங்கள் ஷ்வேடகோன் கோபுரத்தில் இருக்கிறது என்பார்கள். மலையில் உள்ள பாறைக் கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தம் சார்ந்த எழுத்தில், 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. அதிலும் அந்த வணிகர் பெயர்கள் வருகின்றன. கடல்வழி வந்த வியாபாரிகள் கையில் கட்டுச்சோற்றோடு கரையேறிய ஊர் என்று நினைத்துக்கொண்டால், மேலே நின்று கிழக்கே கடலைப் பார்க்கும்போது பசி எடுப்பதில் வியப்பில்லை.

பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிவிடுங்கள். ஒரு மணிக்கு முன் கடையில் இருக்க வேண்டும்.

பீங்கானில் என்ன வரும்

சோறு சிவப்பு. தீட்டாத நாட்டரிசி; வெள்ளைச் சோறு கேட்டால் தருவார்கள், கேட்காதீர்கள். திரியாயில் பெரும்போகம் மழையையும் குளத்தையும் நம்பியது. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த கையோடு போனால் புது அரிசிச் சோறு கிடைக்கும். அது கொஞ்சம் குழையும். குழைந்தாலும் மணத்துக்காக மன்னிக்கலாம்.

சோற்றைச் சுற்றி முதலில் மூன்று மரக்கறி. பருப்பு கட்டாயம். அதோடு கத்தரிக்காயோ பூசணியோ பயற்றங்காயோ, பால்கறியாக வரும். மூன்றாவது ஒரு வறை: முருங்கையிலை, அல்லது கீரை, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தது. திருக்கையோ சுறாவோ பட்ட நாளானால் அதையே அவித்து முள் எடுத்து உதிர்த்து வறையாக்கி வைப்பார்கள். சுறா வறை கிடைத்தால் மற்றக் கறிகளை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம், இன்னொரு பிடி கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் சம்பல், பொரித்த மோர்மிளகாய், அப்பளம்.

பிறகு மீன். இந்தச் சாப்பாட்டின் தலை இதுதான்.

ஒருமுறை காலையிலேயே அனுமதி கேட்டு ஒரு கடைக் குசினிக்குள் நின்று பார்த்தேன். விறகடுப்பு. 2022இல் காஸ் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது இந்தக் குசினிகள் சிரமப்படாமல் ஓடின என்று அக்கா சொன்னார். கரைவலையில் வந்த பாரை, இரண்டு கிலோ இருக்கும், செதில் உரித்துத் துண்டமாகி உப்பும் மஞ்சளும் பூசிக் கிடந்தது. தேங்காயைத் துருவி மூன்று முறை பிழிந்தார். முதற்பால் ஒரு கோப்பையில் தனியாக. இரண்டாம், மூன்றாம் பால் ஒன்றாக. கடைசியாக வரும் வெளிறிய தண்ணீருக்குக் கப்பிப்பால் என்று பெயர். அந்தக் கப்பிப்பாலில்தான் குழம்பு கொதிக்கத் தொடங்கும். சின்ன வெண்காயம், உள்ளி, பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. வறுத்து இடித்த தூள் மூன்று கரண்டி, நான் எண்ணினேன். பழப்புளி கரைத்து விட்டார். சிங்களச் சமையலில் கொறுக்காய் போடுவார்கள், தாங்கள் போடுவதில்லை என்றார். கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீன் இறங்கியது. இறங்கிய பின் அகப்பை உள்ளே போகவில்லை. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான். முதற்பால் கடைசியில், அடுப்பை இழுத்துவிட்ட பிறகு. “முதற்பாலைக் கொதிக்க விட்டா திரைஞ்சு போகும். பிறகு குழம்பு குழம்பா இருக்காது.”

இறக்கி வைத்தது பத்தரைக்கு. பரிமாறியது பன்னிரண்டே முக்காலுக்கு. அந்த இரண்டேகால் மணி நேரம் சட்டியில் சும்மா இருந்ததில்தான் மீனுக்குள் புளி போனது. முன்கூட்டிச் சொல்லச் சொல்வதன் காரணம் இதுவும்தான். பசியோடு வந்து நின்று “உடனே செய்து தாருங்கள்” என்றால் பொரியல் கிடைக்கும், குழம்பு கிடைக்காது.

எந்த மீன் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பாரை, விளைமீன், அறக்குளா, ஒட்டி, எது பட்டதோ அது. அறக்குளா விலை கூடியது, பொரியலுக்கு நல்லது, குழம்புக்கு வீண் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் பலர். சூடை மீனைச் சின்னது என்று ஒதுக்குகிறார்கள். மொறுமொறுவென்று பொரித்துத் தந்தால் முள்ளோடு தின்னலாம், அதைவிட இந்தச் சோற்றுக்குப் பொருத்தமானது கிடையாது. கணவாய்க் கறி கேட்டால் கருக்காமல் பிரட்டித் தரச் சொல்லுங்கள். களப்புப் பக்கத்து இறாலும் நண்டும் கிடைக்கும் நாளில் கிடைக்கும். நண்டு சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், உடைத்து உறிஞ்சித் தின்ன.

வாடைக் காற்றுக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, கடல் கொந்தளித்துக் கிடக்கும். தோணி இறங்காத வாரமும் உண்டு. அப்போது குளத்து மீன். விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் திலாப்பியா, 1950களில் கொண்டுவந்து குளங்களில் விட்ட ஆபிரிக்க மீன். இன்றைக்கு உள்நாட்டுக் குளங்களின் மீனே அதுதான் என்று ஆகிவிட்டது. சேற்று மணம் போக மஞ்சளும் தேசிக்காயும் தாராளமாக வேண்டும். மழைக்கால ஞாயிறில் கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும் சொன்னால் தப்பவே முடியாது.

கடைசியாகச் சொதி. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். திருநெல்வேலியில் கலியாணத்துக்கு மறுநாள் காய்கறி போட்டுச் செய்யும் சொதி வேறு, அது விருந்தின் நாயகம். இங்கே சொதி தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் வெண்காயமும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சித் தேசிக்காய் பிழிந்த இளம் மஞ்சள் தண்ணீர். உங்கள் சாப்பாட்டில் ரசம் இருக்கும் இடத்தில் இது இருக்கிறது. கடைசிக் கைப்பிடிச் சோற்றுக்கு விட்டு, கறி உறைப்பெல்லாம் அடங்கச் சாப்பிட வேண்டும். முதலிலேயே சோறு முழுக்க விட்டுக் குழைத்துவிட்டால் பரிமாறுகிற தம்பி உங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான்.

நானா கடைப் புரியாணி

இறக்கக்கண்டி, நிலாவெளி, புல்மோட்டை முஸ்லிம்கள் நிறைய வாழும் ஊர்கள். அங்கே ஞாயிறு என்றால் புரியாணி. கிடாரத்தில் வைத்து, பதினொன்றரைக்கு மூடியைத் திறப்பார்கள். ஒன்றரைக்கு அடி தெரியும். கோழியைவிட மாட்டிறைச்சி நல்லது. பக்கத்தில் அன்னாசிப் பச்சடி, கச்சான் போட்ட மிளகாய்ச் சம்பல் என்று கடைக்குக் கடை வேறுபடும். ஐந்தாறு பேராகப் போனால் சஹன் கேட்டுப் பாருங்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்து, அவரவர் முன்னால் உள்ளதை அவரவர் சாப்பிடுவது. கலியாண வீட்டுச் சாப்பாட்டு முறை இது. முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிறவர்கள் உண்டு. முடிவில் வட்டிலப்பம். நோன்பு மாதத்தில் பகலில் இந்தக் கடைகள் மூடியிருக்கும். அந்த மாதம் இந்த வீதியில் பயணம் போனால் கட்டுச்சோறு கொண்டு போங்கள், அதைப் பலர் பார்க்கச் சாப்பிடாதீர்கள்.

கட்டுச்சோறு என்றதும் சொல்ல வேண்டியது: திருகோணமலைச் சைவக் கடைகளில் காலையிலேயே சோற்றுப் பார்சல் கட்டித் தரச் சொல்லலாம். லஞ்ச்சீற்றில் வேண்டாம், வாட்டிய வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். இலை இல்லை என்றால் சந்தையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மணி ஒன்றாகும்போது இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும்.

தயிர்

கித்துள் பாணியும் எருமைத் தயிரும் இல்லாமல் இந்தச் சாப்பாடு முடியாது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்துத் தயிர் சட்டியோடு வீதியோரத்தில் அடுக்கியிருக்கும். சட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கலாம். தயிர் அசையாமல் நிற்க வேண்டும், மேலே மஞ்சள் ஆடை இருக்க வேண்டும். தண்ணீர் விட்டிருந்தால் வாங்காதீர்கள். சில இடங்களில் பாணி என்று சீனிப்பாகை விற்கிறார்கள். ஒரு துளியை நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும், கித்துளுக்கு ஒரு புகை மணம் உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் காலையிலேயே ஒரு சட்டியை வாங்கிக் கடையில் கொடுத்து வைத்துவிடலாம். கோபிக்க மாட்டார்கள்.

நாள் பார்த்துப் போங்கள்

எல்லா ஞாயிறும் ஒன்றல்ல. முழுநிலாப் போயா வந்து விழுந்த ஞாயிறில் இறைச்சிக் கடை மூடியிருக்கும். மதுபானக் கடைகளும் மூடியிருக்கும். ஆவணி மாதத்து ஞாயிறுகளில் விரதம் பிடிக்கும் சைவக் குடும்பங்கள் உண்டு. அந்தக் கடைகளில் மரக்கறிதான், அதுவும் நன்றாகவே இருக்கும். ஊர்க் கோயில் கொடியேறியிருந்தால் ஊரே மரக்கறி. வந்த இடத்தில் மீன் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். வைகாசியில் அம்மன் கோயில்களில் பொங்கலும் குளிர்த்தியும் நடக்கும் நாட்களிலும் அப்படித்தான். கோயிலில் அன்னதானம் என்றால் அழைக்காமலே போய் இருக்கலாம், தாமரை இலையிலோ வாழையிலையிலோ சோறு வரும். எழும்பும்போது இலையை நீங்களே எடுத்துப் போடுங்கள்.

பில்

வீதியோரக் கடையில் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு விலை. சோறும் மரக்கறியும் திரும்பத் திரும்பப் போடுவார்கள், அதற்குக் காசில்லை. மீன் துண்டு, பொரியல், கணவாய் தனிக் கணக்கு. இருந்ததுமே “மீனோட எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உள்ளூர்க்காரரும் கேட்பார்கள். விடுதிகளில் பஃபே போடும் இடங்களில் விலைப்பட்டியலுக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், பெரிய இடமானால் 18 சதவீத வற் வரியும் ஏறும். அங்கே கடல் தெரியும். மீன் குழம்பில் உறைப்பிருக்காது. கடலைப் பார்க்க வேண்டுமானால் சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம், அது இலவசம்.

சேவைக் கட்டணம் வாங்காத கடைகளில் மீதிக் காசை மேசையில் விட்டுவிட்டு எழும்பாதீர்கள். பரிமாறிய தம்பியின் கையில் கொடுங்கள். குசினிக்குள் இருக்கும் அக்காவிடம் “குழம்பு நல்லா இருந்தது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் குரலைத் தொலைபேசியில் கேட்டதுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளவும் அதுதான் நேரம்.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒன்று. ஞாயிறில் புல்மோட்டைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் குறைவு, வருவதும் நிரம்பித்தான் வரும். திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்பதைச் சோற்றுக்கு முன்னமே கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள். கை கழுவிய பிறகு கேட்டால், “இப்பதான் போகுது” என்று வீதியைக் காட்டுவார்.